வேகமும் பெற்றோலும்



ஐக்கிய அமெரிக்க நாடுகளின் வட எல்லையிலே மொன்டானா என்றொரு மாநிலம் இருக்கின்றது. பரப்பிலே அது நம் இலங்கையைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. சனத்தொகையோ 1980ஆம் ஆண்டிலே எட்டு இலட்சத்துக்கும் குறைவு. ஊருக்கும் ஊருக்கும் இடையே நூறு மைல் வெறும் புல்வெளி கிடக்கும். அத்தகைய நாட்டிலே பகல் வேளையில் மோட்டார் வண்டி ஓட்டுவோருக்கு, 1974ஆம் ஆண்டு வரை, இத்தனை மைல் வேகத்துக்கு மேற்படலாகாது என்ற வரையறையே இருக்கவில்லை. நிதானமாகவும் விவேகமாகவும் ஓட்டுக என்பதே சட்டம் சொன்ன புத்தி.

1974இல் அந்த நிலை மாறிற்று. மணிக்கு 55 மைலுக்கு மேல் ஓட்டியவரைப் பொலிசார் மறித்தனர். சீட்டு எழுதிக் கொடுத்தனர். தண்டப்பணம் எவ்வளவு? ஐந்து டொலர். சீட்டிலே எழுதப்பட்ட குற்றம் யாது? பிறருக்கு ஆபத்து விளைவித்தமை அன்று. நாட்டிலே அருகிவிட்ட ஒரு வளத்தை வீணாக்கியமையே குற்றம். சாரதியின் பெயரேட்டிலே அது கரும்புள்ளியாகவும் பதியப்படவில்லை. சிலர் ஐந்து டொலர்த் தாள்கள் சிலவற்றை வண்டியிலேயே ஆயத்தமாக வைத்துக்கொண்டு, கொடுப்பதைக் கொடுத்துவிட்டு முன்போலவே விரைந்தனர் என்று கூறுவர்.

வேகமாகப் போனவனை உயிருக்கு உலை வைத்தவனாக அன்றி, எண்ணெயை நிலத்திலே சிந்தியவனாகக் கண்ட இந்தச் சட்டம் எப்படித் தோன்றிற்று? அதனாலே மிஞ்சியது எவ்வளவு, இழந்தது எவ்வளவு? இவ்வினாக்களையே இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டேன். வரலாற்றைத் தொடுமுன் வண்டியின் தன்மையைச் சிறிது அறிந்துகொள்வது நன்று.

சமதரையிலே ஒரே சீராக ஓடும் கார் இரண்டு தடைகளை வென்று செல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று, சக்கரம் நிலத்தில் உருளுவதால் வரும் தடை. இது வேகத்தோடு அதிகம் மாறுவதில்லை. மற்றது, எதிரே நிற்கும் காற்று. ஆற்றிலே இடுப்பளவு நீரில் நடந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மெல்ல நடந்தால் நீர் விலகிக் கொடுக்கும். ஓட முயன்றால் சுவர்போல் எதிர்த்து நிற்கும். காற்றும் அவ்வாறே. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. ஒவ்வொரு மைலையும் கடக்க வேண்டிய நேரம் பாதியாகக் குறைவதனால், அந்த எதிர்ப்பை வெல்லுவதற்கு இயந்திரம் ஈய வேண்டிய வலுவோ எட்டு மடங்காகிவிடுகிறது. 55 மைலிலிருந்து 70 மைலுக்கு ஏறும்போது வேகம் நூற்றுக்கு 27 பங்குதான் கூடுகிறது. காற்றின் எதிர்ப்பு நூற்றுக்கு 62 பங்கு கூடிவிடுகிறது.

அப்படியாயின் ஆமைபோல் ஊர்ந்தால் எண்ணெய் மிஞ்சுமோ என்று நேயர்கள் வினவலாம். அதுவும் இல்லை. வண்டி நின்றாலும் இயந்திரம் தன்னைத் தானே சுழற்றிக்கொள்வதற்கு எண்ணெய் குடிக்கின்றது. பத்து மைல் வேகத்திலே ஊர்ந்தால் அந்த வீண்செலவு முழுவதும் மிகச் சில மைல்களின் தலையிலே விழுகிறது. ஆகையால் மிக மெதுவும் நட்டம், மிக விரைவும் நட்டம். பெரும்பாலான கார்களுக்கு மணிக்கு 40 மைலுக்கும் 55 மைலுக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் இடத்திலே செலவு மிகக் குறைவாயிருக்கும். அதற்கு மேலே என்ன நிகழ்கிறது என்பதை அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் ஆய்வுகூடத்தார் 74 வண்டிகளைக் கொண்டு கணக்கிட்டு 2013இல் வெளியிட்டனர். 50 மைலிலிருந்து 60க்குப் போனால் ஒரு கலனுக்கு ஓடும் தூரம் சராசரியாக நூற்றுக்கு 12 பங்கு குறைந்தது. 60இலிருந்து 70க்குப் போனால் மேலும் 14 பங்கு. 70இலிருந்து 80க்குப் போனால் மேலும் 15 பங்கு.

இன்னுமொன்று. அறுபது மைல் தூரத்தை 30 மைல் வேகத்தில் ஓட்டியவன் 40க்கு ஏறினால் அரை மணித்தியாலம் மிஞ்சும். அதே தூரத்தை 60 மைல் வேகத்தில் ஓட்டியவன் 70க்கு ஏறினால் மிஞ்சுவது ஒன்பது நிமிடந்தானும் இல்லை. மேலே போகப் போக எண்ணெய்ச் செலவு ஏறுகின்றது. கிடைக்கும் நேரமோ சுருங்குகின்றது.

இனி வரலாற்றுக்கு வருவோம். அமெரிக்கா நாடு முழுவதற்கும் ஒரே வேக எல்லையை வகுத்தது 1974இலே முதன்முறையாக அன்று. அதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரும் ஒருமுறை வகுத்தது. அந்த முதற் கதையிலே நம் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு.

1941 டிசெம்பரில் யப்பான் போரில் இறங்கிற்று. 1942 பெப்ரவரி 15ஆந் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அதனைத் தொடர்ந்து ஒல்லாந்தரின் கீழிருந்த சாவகம், சுமாத்திரா முதலிய தீவுகளும் யப்பானியர் வசமாயின. அமெரிக்கா அந்நாளிலே பயன்படுத்திய இறப்பரிலே பத்தில் ஒன்பது பங்கு இந்தப் பிரதேசங்களிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. ஏறத்தாழ மூன்று கோடிக் கார்கள் ஓடிய நாடு அது. அவற்றின் சக்கரங்களிலே சுற்றியிருந்த இறப்பரே அந்நாட்டின் மிகப் பெரிய இறப்பர்க் களஞ்சியமாயிற்று என்று சொன்னால் மிகையன்று.

மலாயா கையைவிட்டுப் போனபின் நேச நாடுகளுக்கு எஞ்சிய பெரிய இயற்கை இறப்பர் நிலம் இலங்கையே. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களிலே மரத்தின் ஆயுளைக் கருதாமல், இன்றைக்குக் கிடைக்கும் பாலே பெரிது என்று பட்டையைப் பல இடங்களிலும் வெட்டிப் பாலெடுக்கும் வழக்கம் வந்தது. தோட்டத்துக்காரர் அதற்கு இட்ட பெயர் கொலைவெட்டு என்று பொருள்படும். 1942 ஏப்பிரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின்மீது யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. நான்கு நாட்களின் பின் திருகோணமலையும் தாக்குண்டது. இத்தீவும் போயிருந்தால் நேச நாடுகளின் சக்கரங்கள் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அன்று வெட்டுண்டு களைத்த மரங்களுக்கு ஈடாகப் புதுக்கன்று நடுவதற்கு அரசாங்கம் மானியம் வழங்கும் திட்டம் 1953இலேதான் இங்கு தொடங்கிற்று. இறப்பருக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசும்போது, அந்த இறப்பரைச் சேகரித்த தோட்டத் தொழிலாளரின் கைகளை மறந்துவிடலாகாது என்பதற்காகவே இதனைச் சொன்னேன்.

அமெரிக்காவிலே ஜனாதிபதி றூஸ்வெல்ற் 1942 யூன் மாதத்திலே வானொலியிலே பேசி, பழைய இறப்பர்ச் செருப்பு, குழாய், மழையங்கி யாவற்றையும் பெற்றோல் நிலையங்களிலே கொண்டுவந்து கொடுக்கும்படி மக்களைக் கேட்டார். இறாத்தலுக்கு ஒரு சதம் கொடுக்கப்பட்டது. மலைபோல் குவிந்தது; ஆயினும் பழைய இறப்பர் புதிய இறப்பராகாது. அதன்பின் பேர்னாட் பறூக் என்பவரின் தலைமையிலே, ஹாவாட் பல்கலைக்கழகத் தலைவர் கோனன்ற், விஞ்ஞானி கொம்ப்ரன் ஆகியோரைக் கொண்ட குழுவொன்று நிலைமையை ஆராய்ந்து, செப்தெம்பர் மாதத்திலே அறிக்கை கொடுத்தது. நாடு முழுவதிலும் வேகம் மணிக்கு 35 மைலுக்கு மேற்படலாகாது என்பதும், பெற்றோலுக்கு நாடு முழுவதிலும் பங்கீடு வேண்டும் என்பதும் அவர்களின் முக்கிய விதப்புரைகள்.

ஒரு விநோதத்தை இங்கே கவனிக்க வேண்டும். கிழக்குக் கரையோர மாநிலங்களிலே, ஜேர்மானிய நீர்மூழ்கிகள் எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்தமையால், பெற்றோல் உண்மையாகவே தட்டுப்பாடாயிருந்தது. ஆனால் ரெக்ஸாஸ் போன்ற எண்ணெய் பொங்கும் மாநிலங்களிலே பெற்றோலுக்குக் குறைவே இல்லை. அங்கும் 1942 டிசெம்பர் முதலாந் திகதி தொடக்கம் கூப்பன் முறை வந்தது. காரணம், பெற்றோலைக் கொடுத்தால் மக்கள் ஓடுவார்கள். ஓடினால் ரயர் தேயும். கையிலிருந்த பெற்றோலைப் பூட்டி வைத்து, கைக்கெட்டாத இறப்பரைக் காத்தனர். சாதாரணக் காருக்கு வாரம் ஒன்றுக்கு நான்கு கலன், பின்னர் மூன்று கலன். காரின் முன் கண்ணாடியிலே ஒட்டிய சீட்டின் உட்புறத்திலே, இந்தப் பயணம் உண்மையிலே அவசியந்தானா என்ற கேள்வி சாரதியின் கண்ணுக்கு நேரே நின்றது. விரைவாக ஓடும் ரயர் சூடேறுகிறது. சூடேறிய இறப்பர் வேகமாகத் தேய்கிறது. 35 மைல் என்ற எண்ணின் பின்னாலிருந்த நியாயம் இதுவே.

அந்த 35 மைலை மக்கள் எவ்வளவு தூரம் மதித்தனர்? எல்லாரும் மதித்தனர் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பிய தந்தைக்கு அதன் காரணத்தை விளக்கத் தேவை இருக்கவில்லை. 1941இல் அந்நாட்டு வீதிகளிலே ஏறத்தாழ 40,000 பேர் விபத்தில் மாண்டனர். 1943இல் அத்தொகை ஏறத்தாழ 24,000 ஆகக் குறைந்தது. பயணமே குறைந்துவிட்டது என்பது இதற்குப் பெருங் காரணம். வேகம் குறைந்ததும் ஒரு காரணம். போர் முடியுமுன்னரே செயற்கை இறப்பர் ஆலைகள் நாட்டின் தேவையிலே பெரும்பகுதியை நிறைவேற்றத் தொடங்கின. 1945 ஓகஸ்ற் மாதத்திலே யப்பான் பணிந்ததும் வேக எல்லையும் பங்கீடும் நீங்கின. மக்கள் மகிழ்ச்சியோடு மிதித்தனர்.

அதன்பின் முப்பது ஆண்டுக்காலம் வேகத்துக்கும் செலவுக்கும் தொடர்புண்டு என்பதையே அந்நாடு மறந்திருந்தது எனலாம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கடல் முதல் கடல் வரை அகன்ற நெடுஞ்சாலைகள் அமைந்தன. கார்கள் நீண்டு, கனத்து, ஒரு கலனுக்கு 13 அல்லது 14 மைல் மட்டுமே ஓடின. மாநிலங்கள் 70, 75 மைல் வரை அனுமதித்தன.

1973 ஒக்ரோபர் 6ஆந் திகதி மத்திய கிழக்கிலே போர் மூண்டது. அதே மாதம் 17ஆந் திகதி குவைத்திலே கூடிய அராபிய எண்ணெய் நாடுகள் உற்பத்தியைக் குறைக்கத் தீர்மானித்தன. அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதையும் சில நாட்களில் நிறுத்தின. போருக்கு முன் பீப்பாய் ஒன்று மூன்று டொலரளவிலே விற்ற எண்ணெய், 1974 சனவரியிலே பன்னிரண்டு டொலரை எட்டிப் பார்த்தது. பெற்றோல் நிலையங்களின் முன் வரிசைகள் நீண்டன. அந்த வரிசை எப்படியிருக்கும் என்பதை இலங்கை நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டிலே இரவு பகலாக வண்டியிலே உறங்கிக் காத்திருந்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வண்டி இலக்கத்தின் கடைசி எண்ணைப் பார்த்து நாள் ஒதுக்கும் முறையும் அன்றே அங்கு இருந்தது. ஒறிகன் மாநிலம் ஒற்றை எண்ணுக்கு ஒற்றைத் திகதி, இரட்டை எண்ணுக்கு இரட்டைத் திகதி என்று வகுத்தது.

ஜனாதிபதி நிக்ஸன் நவம்பர் 7ஆந் திகதி மக்களுக்கு ஆற்றிய உரையிலே 50 மைல் எல்லையை வேண்டினார். ஐரோப்பாவிலும் இதே பேச்சு. பிரித்தானியா டிசெம்பரிலே 50 மைல் என்று வகுத்தது. மேற்கு ஜேர்மனி நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலே தனியார் கார்களை வீதிக்கு வரவிடாது தடுத்து, எல்லையே இல்லாத தன் பெருவீதிகளிலும் மணிக்கு 100 கிலோமீற்றர் என்று சில மாதங்கள் எல்லை வைத்தது. இவை விரைவிலே நீங்கின. அமெரிக்காவிலே வந்த சட்டந்தான் இருபத்தோராண்டுகள் நிலைத்தது.

50 மைல் என்ற எண்ணை முதலில் எதிர்த்தவர்கள் லொறிச் சாரதிகள். அவர்களிலே பலர் சொந்த லொறி வைத்து, ஓடிய மைலுக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோர். நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. 70 மைல் வேகத்திலே பத்து மணித்தியாலத்துக்கு 700 மைல். 55 மைல் வேகத்திலே 550 மைல். ஆக நாளொன்றுக்கு 150 மைல் கூலி கைநழுவிற்று. டீசல் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. லொறியின் கடன் தவணை யாருக்காகவும் காத்திருக்காது. டிசெம்பர் தொடக்கத்திலே ஒஹாயோ, பென்சில்வேனியா மாநிலங்களின் பெருவீதிகளைத் தம் லொறிகளாலேயே அடைத்து நிறுத்தினார்கள். அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டது வண்டியிலே பூட்டிய சிறு வானொலிக் கருவிகளாலே. பின்னர் எந்த மரத்தடியிலே பொலிஸ்காரர் ஒளிந்து நிற்கிறார் என்று அறிவிப்பதற்கும் அக்கருவியே உதவிற்று. வானொலியிலே பேசுகின்ற நான், வானொலி இப்படியும் ஒரு சட்டத்தைத் தோற்கடிக்க உதவியது என்பதைச் சற்றுக் கூச்சத்தோடுதான் சொல்லுகிறேன்.

கார், லொறி என்ற வேறுபாடின்றி 55 மைல் என்று கொங்கிரஸ் இறுதியில் முடிவு செய்தது. 1974 சனவரி 2ஆந் திகதி நிக்ஸன் கைச்சாத்திட்டார். வேகத்தை வரையறுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கே உரியது. ஆகையால் மத்திய அரசாங்கம் நேரே கட்டளையிடவில்லை. 55ஐ ஏற்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணம் கிடையாது என்று மட்டும் சொன்னது. சில வாரங்களுக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்றுக்கொண்டன. மொன்டானாவும் ஏற்றது, ஐந்து டொலர் தண்டத்தோடு. எதிர்ப்பைக் காட்டுவதற்கு இதனிலும் மரியாதையான முறை உண்டோ!

தற்காலிகமாக வந்த அச்சட்டம், எண்ணெய்த் தடை 1974 மார்ச்சில் நீங்கிய பின்னும் நீங்கவில்லை. 1975 சனவரியிலே நிரந்தரமாக்கப்பட்டது. அதற்குக் காரணம் எண்ணெய் அன்று. 1973இல் வீதி விபத்துகளிலே 54,000க்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர். 1974இல் அத்தொகை ஏறத்தாழ 45,000 ஆக இறங்கிற்று. ஒன்பதினாயிரம் குடும்பங்கள்! எண்ணெய்க்காகப் போட்ட கணக்கிலே எவரும் எதிர்பாராத ஒரு வரவு. பயணம் குறைந்தமையும் இதற்குக் காரணமே. ஆயினும் வேகத்தின் பங்கை மறுக்க முடியவில்லை.

இனி ஒரு சாதாரண மனிதனின் கணக்கைப் பார்ப்போம். ஆண்டு 1974. அவன் 600 மைல் தூரத்திலுள்ள ஊருக்குப் போகிறான். அவனுடைய கார் 70 மைல் வேகத்திலே கலனுக்கு 15 மைலும், 55 மைல் வேகத்திலே கலனுக்கு 18 மைலும் ஓடுமென்று வைத்துக்கொள்வோம். விரைந்தால் 40 கலன். மெல்லச் சென்றால் 33 கலனும் சிறிதும். மிச்சம் ஏறக்குறைய ஆறே முக்காற் கலன். அவ்வாண்டிலே பெற்றோல் சராசரி விலை கலனுக்கு 53 சதம். ஆக மூன்றரை டொலர் மிச்சம். நேரமோ? 70 மைல் வேகத்திலே எட்டரை மணித்தியாலத்திலே போகிற இடத்துக்கு 55 மைல் வேகத்திலே ஏறக்குறையப் பதினொரு மணித்தியாலம். இரண்டு மணித்தியாலமும் இருபது நிமிடமும் கூடுதல். அவ்வாண்டு மே மாதந்தொட்டுச் சட்டம் விதித்த மிகக் குறைந்த கூலி மணித்தியாலத்துக்கு இரண்டு டொலர். அந்தக் கடைசிக் கூலிக்காரனின் நேரத்தை வைத்துக் கணக்கிட்டாலும் இழப்பு நான்கு டொலர் எழுபது சதத்துக்குக் கிட்ட. மிச்சம் மூன்றரை, இழப்பு நான்கரைக்கு மேல். காருக்குள்ளே மூவர் இருந்தால் இழப்பும் மும்மடங்கு.

ஆகவே மொன்டானாக்காரன் ஐந்து டொலரை எடுத்துக் கொடுத்துவிட்டு ஓடியதை மூடத்தனம் என்று சொல்லிவிட முடியாது. தன் பையை மட்டும் பார்த்தவனுக்கு அந்தக் கணக்குச் சரியே. ஆனால் அவன் பையிலே தோன்றாத செலவுகள் சில இருந்தன. அவன் எரித்த ஆறே முக்காற் கலன், வரிசையிலே நின்ற இன்னொருவனுக்குக் கிடைக்காமற் போனது. அவன் வேகத்தினால் எதிரே வந்தவனுக்கு ஏற்பட்ட அபாயம் எந்தப் பற்றுச்சீட்டிலும் எழுதப்படவில்லை. பெற்றோல் விலை என்பது அந்த வண்டி உட்கொண்டதன் விலை மட்டுமே. அந்த ஓட்டத்தின் முழுவிலை அன்று. என் அபிப்பிராயத்திலே, அந்தச் சட்டத்தைப் பற்றி இருபதாண்டு நடந்த வாதங்களெல்லாம் இந்த இரண்டு கணக்கேடுகளுக்கும் இடையே நடந்தவையே. மேற்கு மாநிலத்தான் ஓர் ஏட்டைத் திறந்து வைத்திருந்தான். வாஷிங்ரனிலிருந்தவர்கள் மற்றதைத் திறந்து வைத்திருந்தார்கள்.

இரண்டு ஏடுகளையும் ஒருசேரப் பார்க்கும் முயற்சியும் நடந்தது. பத்தாண்டு அநுபவத்தின் பின், கொங்கிரஸின் வேண்டுகோட்படி, தேசிய ஆராய்ச்சி மன்றம் 1984இலே அறிக்கையொன்று வெளியிட்டது. அச்சட்டத்தினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 167,000 பீப்பாய் எண்ணெய் மிஞ்சுகிறது என்று அது மதிப்பிட்டது. கேட்பதற்குப் பெருந்தொகை, வீதி வண்டிகள் எரித்த எண்ணெயிலே அது நூற்றுக்கு இரண்டு பங்கே. காரணம் எளிது. நகரத் தெருவிலே ஓடுபவன் முன்னரும் 55ஐத் தொட்டவனல்லன். திறந்த வீதியிலே ஓடியவர்களிலும் பலர் 60க்கு மேலேயே ஓடினர். உயிர்களோ, ஆண்டொன்றுக்கு 2,000 முதல் 4,000 வரை காக்கப்படுவதாகக் கண்டனர். மறுபுறத்திலே, மக்கள் வீதியிலே கூடுதலாகக் கழித்த நேரம் ஆண்டொன்றுக்கு நூறு கோடி மணித்தியாலம்.

அந்த நூறு கோடியை ஆண்டுகளாக்கிப் பார்த்தால் 114,000 ஆண்டுகளாகிறது. காக்கப்பட்ட உயிர் 3,000 என்று நடுத்தரமாகக் கொண்டால், ஓர் உயிருக்கு முப்பத்தெட்டாண்டு விழிப்பு நேரத்தை மற்றவர்களெல்லாரும் சிறிது சிறிதாகக் கொடுத்திருக்கிறார்கள். வீதியிலே மாளுபவரிலே பெரும்பாலோர் இளைஞர். தப்பிய இளைஞன் ஒருவன் மேலும் நாற்பது, ஐம்பது ஆண்டு வாழலாம். தட்டு இரண்டும் ஏறக்குறையச் சமமாய் நிற்கிற இந்தத் தராசை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது எளிதன்று. ஆயினும் ஒன்று சொல்வேன். பத்து நிமிடம் பிந்தி வீடு சேர்ந்தவன் அதை மறுநாளே மறந்துவிடுகிறான். வீடு சேராதவனின் தாய் மறப்பதில்லை. கூட்டல் கழித்தலிலே இவ்விரண்டும் ஒரே வகை மணித்தியாலமாக எழுதப்படுகின்றன.

எண்ணெயை உண்மையிலே மிச்சம் பிடித்தது வேறொரு சட்டம். 1975 டிசெம்பரிலே ஜனாதிபதி போர்ட் கைச்சாத்திட்ட அச்சட்டம் சாரதியை விட்டுவிட்டு வண்டி செய்பவரைப் பிடித்தது. விற்கும் கார்கள் சராசரியாக, 1985க்குள் கலனுக்கு 27½ மைல் ஓட வேண்டும் என்றது. அதாவது, முன்பிருந்ததிலும் இரட்டிப்பு. கார்கள் சிறுத்தன, எடை குறைந்தது, கூர்மையான மூலைகள் மழுங்கின. காற்றைக் கிழிக்காமல் வழுக்கிச் செல்லும் வடிவத்தைப் பொறியியலாளர் காற்றுச் சுரங்கங்களிலே வைத்துத் தேடினர். 1982இல் வந்த ஜேர்மானிய ஔடி 100 காரின் தடைக்குணகம் 0.30, அந்நாளிலே அது பெருஞ் சாதனையாகப் பேசப்பட்டது. இவ்வாறு, ஐந்து டொலர்த் தண்டத்தினால் வசப்படுத்த இயலாத காற்றை, தகடு வளைப்பவன் ஓரளவு வசப்படுத்தினான். ஓரளவு என்றுதான் சொல்கிறேன். வடிவம் எதுவாயினும் வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு என்ற விதி அப்படியே நிற்கிறது. இன்றைய மின்சாரக் காருக்கும் அதுவே விதி. நெடுஞ்சாலையிலே விரைந்தால் அதன் மின்கலம் சீக்கிரம் வற்றுவதை ஓட்டுவோர் கண்கூடாகக் காண்கின்றனர்.

1986இலே எண்ணெய் விலை சரிந்தது. மலிந்த பண்டத்தைக் காக்கும் சட்டத்துக்கு ஆதரவேது? 1987இலே ஊர்ப்புறப் பெருவீதிகளிலே 65 மைலுக்குக் கொங்கிரஸ் இணங்கிற்று. 1995 நவம்பர் 28ஆந் திகதி ஜனாதிபதி கிளின்ரன் கைச்சாத்திட்ட சட்டம் தேசிய வேக எல்லையை முற்றாக நீக்கிற்று. மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக 65, 70, 75 என்று ஏறின. 2012இலே ரெக்ஸாஸ் மாநிலம் தீர்வை அறவிடும் வீதியொன்றிலே 85 மைல் என்று பலகை நாட்டிற்று.

வேகத்தைக் குறைத்து எண்ணெய் காக்கும் எண்ணம் இதனோடு மறைந்துவிடவில்லை. 2011 மார்ச்சிலே, லிபியாவின் கலகத்தினால் எண்ணெய் விலை ஏறியபோது, ஸ்பெயின் தேசம் 120 கிலோமீற்றர் எல்லையை 110 ஆக்கிற்று. சில மாதங்களிலே பழையபடி 120க்கு மீண்டது. 2022 மார்ச்சிலே, உக்ரேன் போரின் பின், சர்வதேச எரிசக்தி முகவரகம் வெளியிட்ட பத்து யோசனைகளிலே முதலாவது, நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 10 கிலோமீற்றராவது குறைக்கவேண்டும் என்பதே.

மொன்டானாவோ, 1995 டிசெம்பரிலே மத்திய சட்டம் நீங்கியதும், பகலிலே எண்ணில்லாத தன் பழைய வழக்கத்துக்கு உடனே திரும்பிற்று. நிதானமும் விவேகமுமே போதும் என்றனர். எது நிதானம், எது விவேகம் என்பதிலே பொலிசாரும் சாரதிகளும் உடன்படவில்லை. 85 மைல் வேகத்திலே பிடிபட்ட ஒருவர் அந்த வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றார். இச்சட்டம் எந்த வேகம் குற்றமென்று மனிதனுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. ஆதலால் செல்லாது என்று அந்த மாநில நீதிமன்றம் 1998 டிசெம்பரிலே தீர்ப்பளித்தது. சில மாதங்கள் அங்கே பகலிலே வேகச் சட்டமே இல்லாதிருந்தது. 1999இலே சட்டசபை கூடி 75 மைல் என்று எண்ணொன்றை எழுதி வைத்தது. 2015இலே அதை 80 ஆக்கிற்று.